ஊராட்சித் தேர்தலுக்குக் கொள்கை அறிக்கையா? கண்மாயிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: மதுரை மாவட்டத்தில் மேலூர் பக்கத்து ஊராட்சி ஒன்றில் படித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் ஏழெட்டுப் பேர், ஆணும் பெண்ணுமாக, அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கும் சில வார்டுகளுக்கும் நிற்க நினைக்கிறார்கள். பொருளாதார நீதி, ஊர்மட்ட ஜனநாயகம், சூழல் பாதுகாப்பு என்று மூன்று தலைப்பில் பன்னிரண்டு பக்க அறிக்கை எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், "இதெல்லாம் பஞ்சாயத்துக்குச் சரிப்படாது. குடிதண்ணி, லைட்டு, ரோடு, இது மூணையும் எழுதுங்க, போதும்" என்கிறார். யார் சொல்வது சரி?

நீங்கள் அனுப்பிய அறிக்கையை முழுக்கப் படித்தேன். பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 'நவதாராளமயம்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'கண்மாய்' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில், அதுவும் 'நீர்நிலைகள் பாதுகாக்கப்படும்' என்ற வரியில் எடுத்துக்காட்டாக வருகிறது. இதை ஊர்ப் பொதுவிடமான மந்தையில் நின்று வாசித்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் அவர் சொல்வது போல மூன்றையும் வெட்டிவிட்டுக் குழாயும் பல்பும் மட்டும் எழுதினால், இதுவரை நின்றவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அதனால் என் பதில்: மூன்று தலைப்பும் இருக்கட்டும், ஆனால் தனித்தனியாக வேண்டாம். உங்கள் ஊரில் மூன்றும் ஒரே இடத்தில்தான் கிடக்கின்றன. ஊர்ப் பொதுச்சொத்து யார் கையில் இருக்கிறது, அதன் கணக்கு யார் பார்வைக்கு வருகிறது என்ற கேள்வியில் அறிக்கையைக் கட்டுங்கள்.

மீன்பாசிக் குத்தகையையே, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவதையே, எடுத்துக்கொள்வோம். கண்மாய் பெருகிய வருஷம் மீன்பாசி ஏலம் நடக்கும். அறிவிப்பு ஒட்டுவார்கள், தண்டோராவும் போட்டதாக எழுதிவைப்பார்கள். ஏலத்துக்கு முந்தின நாளே டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து யார் எடுப்பது என்று பேசி முடித்திருப்பார்கள். மறுநாள் நாலு பேரும் டெபாசிட் கட்டுவார்கள். மூன்று பேர் பெயருக்கு ஒரு தொகைக்கு ஏலம் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். எடுத்தவர் அந்த மூன்று பேருக்கும் 'விட்டுக்கொடுத்த காசு' கொடுப்பார். அந்தக் காசு யாருடையது? ஊராட்சி கணக்கில் வரவாகியிருக்க வேண்டிய ஊர்ப்பணம் அது. கதை அதோடு முடிவதில்லை. குத்தகை எடுத்தவருக்கு மீன் பிடிக்கத் தண்ணீர் வற்ற வேண்டும். ஆயக்கட்டுக்காரருக்கோ, அதாவது கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்பவருக்கோ, கடைசி நனைப்புக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். ராத்திரியில் மடையை யாரோ திறந்துவிட்டிருப்பார்கள். காலையில் கடைமடைக்காரர் வந்து பார்த்தால் வாய்க்காலில் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருக்கும். அதே கண்மாயில் ஆடு மாடு குடிக்கவும் தண்ணீர் வேண்டும், கிணறுகளுக்கு ஊற்றும் வேண்டும். இதில் எது பொருளாதாரம், எது ஜனநாயகம், எது சூழல் என்று உங்களால் பிரிக்க முடியுமா?

உங்கள் பக்கம் குத்தகைக்கே விடாமல் மீன்பிடித் திருவிழா நடத்தும் ஊர்களும் உண்டு. கொடி அசைத்ததும் சுத்துப்பட்டு ஊரே வலையோடும், ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையோடும் இறங்கும், பிடித்தது குழம்புக்குப் போகும். அது ஒரு வழி. குத்தகைக்கு விட்டு வந்த பணத்தில் மடையைப் பழுதுபார்ப்பது இன்னொரு வழி. இரண்டில் எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். எதைச் செய்வது என்று கிராம சபையில் கேட்டு முடிவு செய்வோம், குத்தகை என்றால் ஏலம் கேட்டவர் பெயரும் தொகையும் பலகையில் எழுதப்படும், இன்ன தேதிக்கு முன் மடை திறக்கப்படாது என்பது குத்தகை நிபந்தனையில் இருக்கும் என்று எழுதுங்கள். இந்த ஒரு பத்தியை ஊரில் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். எதிர்ப்பவரும் உடனே எதிர்ப்பார், அதுவே அது உண்மையான வாக்குறுதி என்பதற்கு அடையாளம்.

சரி, ஊராட்சிக்கு இதற்கெல்லாம் அதிகாரம் இருக்கிறதா? இருப்பதும் இல்லாததும் கலந்துதான் இருக்கிறது. ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்த 73-வது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. திருத்தத்தின் 11-வது அட்டவணையில் 29 பொருள்கள் இருக்கின்றன. சிறுபாசனம், மீன்வளம், சிறுதொழில், கால்நடை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. உள்ளாட்சிக்குக் கொடுக்கலாம் என்று தாளில் இருப்பது அது. கையில் கொடுத்தது மிகக் கொஞ்சம். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள கண்மாய் நீர்வளத்துறையுடையது, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரிய கண்மாயின் ஷட்டரில் தலைவர் கை வைக்க முடியாது. கண்மாயின் உட்பகுதியான உள்வாயில் நிற்கும் சீமைக்கருவேல மரத்துக்கு மதிப்புப் போடுவதற்குக்கூட வனத்துறையிடம் போக வேண்டும். இதை அறிக்கையிலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். "எல்லாக் கண்மாயையும் தூர்வாருவோம்" என்று எழுதிவிட்டு அப்புறம் ஒன்றிய அலுவலக வராந்தாவில் நிற்க வேண்டாம்.

ஆனால் ஊராட்சிகள் சட்டத்தின் 134-வது பிரிவை எத்தனை தலைவர்கள் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. மேய்ச்சல் தரை, களத்துமேடு, சுடுகாடு, இடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளை ஊராட்சியின் பொறுப்பில் விடுவது அந்தப் பிரிவுதான். உங்கள் ஊரில் இவை எத்தனை ஏக்கர், இன்று அவற்றில் என்ன இருக்கிறது, யார் வேலி போட்டிருக்கிறார் என்று தெரியுமா? வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். புல எண் வாரியாக எது மந்தை, எது ஓடை, எது களம் என்று அதில் இருக்கும். புலப்படத்தையும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்தால் உங்கள் பன்னிரண்டு பக்கமும் தானாக மாறிவிடும். கண்மாய் ஆக்கிரமிப்புக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அளந்து, எல்லைக்கல் ஊன்றி, நோட்டீஸ் கொடுத்து அகற்றும் அதிகாரம் நீர்வளத்துறையிடம் இருக்கிறது. ஊராட்சி செய்யக்கூடியது அளக்கச் சொல்லி விடாமல் கேட்பது. இதில் ஒரு பழைய வழக்கம் உண்டு: கண்மாய்க் கரையில் குடிசை போட்டவர் வீட்டுக்கு முதலில் நோட்டீஸ் போகும், உள்வாயில் பத்து ஏக்கர் வளைத்து நெல் போடுபவருக்குக் கடைசிவரை போகாது. பொருளாதார நீதி என்று தலைப்பு வைத்தவர்கள், பெரிய ஆக்கிரமிப்பு முதலில் என்று வரிசையையும் எழுதிவைக்க வேண்டும். குடிசைக்காரருக்கு மாற்று நத்தம் இடம், அதாவது வீட்டுமனை, எங்கே என்பதையும் சேர்த்துத்தான்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்ததை மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து 2022-இல் ஆறாக ஆக்கினார்கள். குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் விதியும் உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நடைமுறையில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீர்மானப் புத்தகத்தில் மேலே இடம் விட்டுக் கீழே கையெழுத்து வாங்குவதும் புதிதல்ல. தீர்மானத்தைக் கூட்டத்திலேயே எழுதி, வாசித்து, அதன் பிறகு கையெழுத்து, அன்றே புகைப்படம் எடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போடுவது என்ற ஒரு வரி உங்கள் அறிக்கையில் இருந்தால் போதும். ஜனநாயகத்தைப் பற்றி நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தைவிட அது கனமானது.

கிராம சபையில் வரவு செலவுக் கணக்கு, படிவம் 30 என்பார்கள், வாசிக்கப்பட வேண்டும். சில ஊர்களில் பிளெக்ஸ் அடித்தும் கட்டுகிறார்கள். யாரும் நின்று படிப்பதில்லை. தணிக்கைப் பக்கம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மூன்று இடத்தில் கண்ணை வையுங்கள்: மோட்டார் பழுது, தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஒன்று ஒரே வருஷத்தில் எத்தனை முறை காயில் கட்டப்பட்டது என்று எண்ணுங்கள். கழற்றிய பழைய பல்பு எங்கே என்று இருப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். சாலை, வாய்க்கால் வேலை என்றால் அளவுப் புத்தகத்தில் எழுதிய நீளத்தை டேப் வைத்து அளந்துவிடலாம், அதற்கு இன்ஜினியரிங் படிப்பு தேவையில்லை. பெரிய ஊழல் மேலே நடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கீழே இருப்பவர் கணக்குக் கேட்கப் பழகாமல் மேலே இருப்பவரைக் கேட்க முடியாது.

ஊர் ஜனநாயகம் என்றதும் எல்லோரும் உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நீங்களும் கொண்டுவந்திருக்கிறீர்கள். பத்தாம் நூற்றாண்டில் குடவோலை வைத்தது பெருமைதான். ஆனால் நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் இருந்தவர்கள்தான் அதில் நிற்க முடிந்தது. அதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றே: கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி நிற்கக் கூடாது என்ற விதி. மற்றதை விட்டுவிடுங்கள், ஏனென்றால் உங்கள் மாவட்டத்துக்கே சொந்தமான வரலாறு வேறு.

உங்கள் ஊரிலிருந்து மேலவளவு எவ்வளவு தூரம்? 1996-இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலில் நின்று வென்ற முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில் வெட்டிக் கொன்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும், அப்புறம் நாட்டார்மங்கலத்திலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் பத்து வருஷம் தேர்தலே ஒழுங்காக நடக்கவில்லை. மனுத்தாக்கல் இருக்காது, அல்லது ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்வார். 2006-இல்தான், உதயச்சந்திரன் ஆட்சியராக இருந்தபோது, அந்த நிலை மாறியது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையில் வந்து உட்கார்ந்ததற்கு இந்தப் பின்னணி உண்டு.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், உங்கள் அறிக்கையில் 'மரபான ஊர்க்கூட்டத்தை மீட்போம்' என்று ஒரு வரி இருக்கிறது. தம்பி, அந்த ஊர்க்கூட்டத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், யார் வரவே இல்லை? கரை என்று வம்சவாரியாகப் பிரித்து, ஊர்த்தலைவரான அம்பலகாரர் சொல்லி, ஆண்கள் மட்டும் பேசி முடிப்பதுதான் பல ஊரில் மரபு. தண்ணீர் பங்கீடு, கோயில் வரி, மடை காவல் எல்லாவற்றையும் ஒழுங்காக நடத்திய அமைப்புதான் அது, நான் மறுக்கவில்லை. ஆனால் மடையைத் திறந்து மூடிய நீர்பாய்ச்சிக்குப் பேச்சுரிமை இருந்ததா? கிராமத்தை ஜனநாயகத்தின் அலகாக வைக்கும் யோசனையை அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எதிர்த்ததற்குக் காரணம் இதுதான். கிராம சபை ஊர்க்கூட்டம் ஆகிவிடக் கூடாது. கூட்டம் எங்கே நடக்கும் என்பதில் தொடங்குங்கள். ஒரு முறை மந்தையில் என்றால் அடுத்த முறை காலனியில். தலைவர் பதவியைக் கோயிலுக்கு இத்தனை லட்சம் என்று ஏலம் விட்டுப் போட்டியில்லாமல் முடிப்பதை ஏற்க மாட்டோம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். காசு கொடுத்துப் பதவி வாங்கியவர் அதை எங்கிருந்து திருப்பி எடுப்பார் என்பது இன்னொரு பக்கம்.

இனிக் கடினமான இடத்துக்கு வருவோம். உங்கள் பகுதியில் சூழலும் கூலியும் மோதிக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012-இல் ஆட்சியராக இருந்த சகாயம் அறிக்கை கொடுத்தார். பிறகு உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. ஊருக்கு என்ன மிஞ்சியது? கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் உடைந்ததும் ஆழமான பள்ளங்களும். அதே சமயம் குவாரி மூடியதும் லாரி ஓட்டியவரும் கட்டிங் மெஷினில் நின்றவரும் திருப்பூருக்குப் போனார்கள், அதுவும் உண்மை. "சூழல் காப்போம்" என்று நீங்கள் எழுதும்போது அந்த வீட்டுப் பையன், "எனக்கு வேலை எங்கே?" என்று கேட்பான். அவனுக்கு உங்கள் பன்னிரண்டு பக்கத்தில் பதில் இல்லை.

டங்ஸ்டன் சுரங்க விஷயத்தில் ஊர் வென்றது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில்தான் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கி ஏறத்தாழ 5,000 ஏக்கருக்குச் சுரங்க ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து ஜனம் மதுரைக்கு நடந்தே போனது. ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு உள்ள தனிச் சட்டப் பாதுகாப்பு தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது, இங்கே அட்டவணைப் பகுதியே அறிவிக்கப்படவில்லை. ஆகவே அந்தத் தீர்மானங்களுக்குச் சட்ட பலம் குறைவு. ஆனால் பல ஊர்கள் ஒரே வாசகத்தில், ஒரே நேரத்தில் போட்டதால்தான் அவை எடுபட்டன. ஒற்றை ஊராட்சி போட்டிருந்தால் ஃபைலில் தூங்கியிருக்கும்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு யோசனை. உங்கள் அறிக்கையின் எல்லை ஊராட்சி எல்லையாக இருக்க வேண்டாம். கண்மாய்கள் சங்கிலித் தொடர். மேல் கண்மாய் நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். பெரியாறு பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம். நீங்கள் கடைமடைக்காரர்கள். தண்ணீர் திறந்த பிறகு எந்தக் கண்மாய்க்கு எத்தனை நாள் என்ற சண்டையில் ஊரும் ஊரும் மோதும், ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது அங்கேதான் நடக்கும். ஒரே வரத்துக்காலில் இருக்கும் நாலைந்து ஊராட்சிகளில் உங்களைப் போன்றவர்கள் ஒரே வாசகத்தை வைத்து நின்றால், யார் எந்த ஊரில் ஜெயித்தாலும் தண்ணீர்ப் பேச்சு வேறு மாதிரி நடக்கும். மதுரை நகரத்தில் இந்தச் சங்கிலியை அறுத்ததன் பலனை 2024 அக்டோபர் 25 அன்று செல்லூர்க்காரர்கள் வீட்டுக்குள் புகுந்த வெள்ளமாகப் பார்த்தார்கள். 

வேலை கேட்கும் பையனுக்கு என்ன சொல்வது? முழுப் பதில் ஊராட்சியிடம் இல்லை. அதை ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் இருக்கிறது. முதலில் ஊராட்சியே ஒரு முதலாளி. தூய்மைக் காவலர், தண்ணீர்த் தொட்டி இயக்குபவர், வேலைக்கு வரும் பிளம்பர், இவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் போகிறது? ஊருக்கே நீதி பேசும் ஊராட்சி குப்பை அள்ளும் அக்காவுக்கு மூன்று மாதம் பாக்கி வைக்கக் கூடாது. அடுத்தது வண்டல். 2024-இலிருந்து வட்டாட்சியர் அனுமதியிலேயே விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கண்மாய் வண்டலைக் கட்டணமில்லாமல் எடுக்கலாம். உங்கள் ஊரில் அதை எடுத்தது யார், சிறு விவசாயியா, அவர் பெயரில் டிப்பர்காரரா? பட்டியலைக் கிராம சபையில் ஒட்டுவோம் என்று எழுதுங்கள். கோவை மாவட்டத்தில் ஓடந்துறை ஊராட்சி தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது, 2006-இல். மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. எல்லா ஊராட்சிக்கும் அந்த வசதி வராது. ஆனால் ஊராட்சிக்கும் வருமானம் தரும் சொத்து இருக்கலாம் என்பதற்கு அது அத்தாட்சி.

பொருளாதார நீதியை எப்படிப் பொருளாக்குவது என்பதற்கு மதுரையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தைதான் மாநிலத்தின் முதலாவது. அங்கே 'இடைத்தரகர் ஒழிக' என்று பலகை எதுவும் மாட்டவில்லை. ஒரு இடம், ஒரு தராசு, ஓர் அடையாள அட்டை, காலையில் எழுதும் விலைப்பலகை, அவ்வளவுதான். குறை இல்லாமல் இல்லை, அட்டை வியாபாரி கைக்குப் போன கதையெல்லாம் உண்டு. இருந்தாலும் அந்த மாதிரிச் சிந்தியுங்கள். உங்கள் ஊரிலிருந்து விடியற்காலை கீரையும் கத்திரிக்காயும் எப்படி மதுரைக்குப் போகிறது, வண்டி வாடகை யார் வாங்குகிறார், முன்பணம் வாங்கியதால் இன்னாருக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

இதற்கெல்லாம் கணக்கு வேண்டும். காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் இருந்தார், 1960-இல் மதுரையில்தான் காலமானார். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்று இன்று உலகம் பேசுவதை அப்போதே பேசியவர் என்று புகழ்கிறோம், படத்துக்கு மாலையும் போடுகிறோம். ஆனால் அவர் அடிப்படையில் ஒரு தணிக்கையாளர். லண்டனில் கணக்கியல் படித்துவிட்டு வந்தவர். குஜராத்தில் மாதர் என்ற தாலுகாவில் ஊர் ஊராக மாணவர்களோடு போய் வீட்டு வரவு செலவு, நில வரி, மாடு, கடன் எல்லாவற்றையும் எழுதி எடுத்த பிறகுதான் வறுமையைப் பற்றிப் பேசினார். நீங்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். வீட்டுக்கு வீடு போய் வட்டிக்கு வாங்கிய கடன், குழுக்கடன் தவணை, கிணற்று ஆழம், வெளியூர் போனவர் எண்ணிக்கை என்று நாலே கேள்வி கேட்டு எழுதுங்கள். பெயர் போடாமல் மொத்தத்தை மட்டும் வெளியிடுங்கள். ஓட்டுக் கேட்கும் வேலையும் அதிலேயே பாதி முடிந்துவிடும், அது வேறு விஷயம்.

பணம் எவ்வளவு வரும் என்பதிலும் கனவு காண வேண்டாம். 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் என்று கட்டிப்போட்ட பணம். மீதி 40-இல்தான் ஊர் கொஞ்சம் யோசிக்க முடிந்தது. வீட்டு வரியை ஒழுங்காக வசூலிக்காமல் மேலிடத்தை மட்டும் எதிர்பார்க்கும் ஊராட்சி யாரையும் கேள்வி கேட்க முடியாது. மாடி வீடும் ஓட்டு வீடும் ஒரே வரி கட்டும் ஊர்கள் எனக்குத் தெரியும். அதைச் சரிசெய்வதும் நீதிதான், ஓட்டுப் போகும் என்று யாரும் எழுதுவதில்லை.

முல்லைப் பெரியாறு அணையில் 152 அடி நீர் தேக்குவது, பூவுக்குக் குறைந்தபட்ச விலை, ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவில் ஆட்சியர் தலைவரை நீக்கும் அதிகாரத்தைக் குறைப்பது, ஊராட்சிகளுக்கு மாநில வரியில் கூடுதல் பங்கு, இவையெல்லாம் உங்கள் அறிக்கையில் வாக்குறுதியாக இருக்கின்றன. அவை கோரிக்கைகள். கடைசிப் பக்கத்தில் தனியாக, கோரிக்கை என்றே தலைப்பிட்டுப் போடுங்கள். அந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டியது ஒன்று விட்டுப்போயிருக்கிறது: காலத்தில் தேர்தல் நடத்து. 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரை ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர் கையில் இருந்தன. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுத்த ஆள் இல்லையென்றால் நிதிக்குழு மானியமும் தடைபடும், கேள்வி கேட்க ஓர் உறுப்பினரும் இருக்க மாட்டார்.

கடைசியாக, வேட்பாளர் விஷயம். தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாதவை, உங்களுக்கு அது வசதி. 2019-இல் தலைவர் வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய், வார்டுக்கு 9,000. அதற்குள் செலவு செய்து, செலவுக் கணக்கை வாரம் ஒருமுறை மந்தையில் ஒட்டினாலே ஊர் பேசும். தலைவர் பதவிக்கு மட்டும் ஆசைப்பட்டு வார்டுகளைக் கோட்டைவிடாதீர்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் துணைத்தலைவர் ஒப்புதலும் வேண்டும், அவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். எதிரணித் துணைத்தலைவரோடு மல்லுக்கட்டியே காலம் முடிந்த தலைவர்கள் உண்டு. அப்புறம், பாதி இடம் பெண்களுக்கு. உங்கள் ஊர் எந்தப் பிரிவுக்குப் போகும் என்பது அறிவிப்பு வந்த பிறகுதான் தெரியும். பெண்களுக்கு என்று வந்தால் உங்கள் குழுவிலேயே இருக்கும் தங்கச்சி ஒருவர் நிற்க வேண்டும், யாருடைய மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து பெயருக்கு நிறுத்தக் கூடாது. பட்டியல் சாதிக்கு என்று வந்தால் காலனியிலிருந்து யார் என்று அறிவிப்பு வந்த ராத்திரி தேடுவதற்குப் பதில், அறிக்கை எழுதும் இந்தக் கட்டத்திலேயே அவர்கள் உங்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அனுப்பிய தாளில் எட்டுப் பெயர் பார்த்தேன், காலனியிலிருந்து யாராவது இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இதற்கிடையில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: கடந்த ஐந்து வருஷப் படிவம் 30, மீன்பாசிக் குத்தகைக் கோப்பு, 134-வது பிரிவில் வரும் நிலங்களின் புல எண் பட்டியல். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. அந்தக் காகிதங்கள் கைக்கு வந்த பிறகு இரண்டாவது வரைவை அனுப்புங்கள், பார்க்கிறேன்.